இன்னும் பிறக்காதவர்களின் நலனுக்கு எவ்வளவு தள்ளுபடி?

#1 நிழல்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

நீண்டகாலத் திட்டங்களின் செலவு-பலன் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிய வித்தைதான். இன்றிலிருந்து 100 ஆண்டு கழித்து 100 கோடி மதிப்புள்ள சேதம் ஒன்று வரப்போகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 1.4% தள்ளுபடி போட்டால், அதாவது வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டு எதிர்காலத் தொகையை இன்றைக்குச் சுருக்கினால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 25 கோடி. 5.5% போட்டால் 47 லட்சம். அதே சேதம், அதே ஆண்டு, பாதிக்கப்படப் போகிறவர்களும் அவர்களே. முதல் கணக்கில் தடுப்புக்கு 20 கோடி செலவழிப்பது புத்திசாலித்தனம். இரண்டாவதில் ஒரு கோடி செலவழித்தாலே ஊதாரித்தனம்.

இரண்டும் நான் வாய்க்கு வந்தபடி சொன்ன எண்கள் அல்ல. 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்காக நிக்கலஸ் ஸ்டெர்ன் தயாரித்த பருவநிலை அறிக்கையின் விகிதம் முதலாவது. அதைக் கடுமையாக விமர்சித்த வில்லியம் நார்ட்ஹாஸ் அந்தக் காலத்தில் தன் பருவநிலைப் பொருளியல் கணக்கு மாதிரியில் வைத்திருந்தது இரண்டாவதை ஒட்டியது. அவருக்கு 2018-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. இருவர் கையிலும் இருந்த அறிவியல் ஒன்றுதான். ஒருவர் உடனே பெரிய அளவில் செயல்படு என்றார், மற்றவர் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டு என்றார்.

என் வாதம் இதுதான். தள்ளுபடி விகிதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகளை அடைத்து வைத்திருக்கிறோம். பின்னால் வருகிற நலன் பின்னால் வருகிறது என்பதற்காகவே மதிப்புக் குறைந்ததா? பின்னால் வருபவர்கள் நம்மைவிட வசதியாக இருப்பார்களா, அப்படியானால் அவர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? அந்த எதிர்காலம் வந்து சேருமா என்பதே எவ்வளவு உறுதி? மூன்றையும் கலக்கி ஓர் எண்ணாக நீட்டும்போது, நெறி சார்ந்த தீர்ப்பு ஒன்று தொழில்நுட்ப விவரம் மாதிரி வேடம் போட்டு அறிக்கையின் பின்னிணைப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எது சமூகத்துக்கு மேல் என்று எடைபோடும் நலப் பொருளியலின் அடித்தளமே இங்கேதான் ஆட்டம் காண்கிறது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக வரலாம்.

#2 சந்தைச்சித்தன்

வந்துட்டேன் நிழல் அண்ணே.

நாளைக்குத் தர்றேன்னு சொன்னா "இன்னிக்கே கொடு"ன்னு கேக்காத மனுஷன் உண்டா? வட்டின்னு ஒண்ணு இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். கோடிக்கணக்கான பேர் சேமிக்கிறதுலயும் கடன் வாங்குறதுலயும் அவங்க காலத்தை எப்படி மதிக்கிறாங்கன்னு தெரியுது. அதை ஒதுக்கி வச்சுட்டு நாலு அறிஞருங்க ஒரு அறைக்குள்ள உக்காந்து "நெறிப்படி இதுதான் எண்"னு தீர்மானிக்கிறது எந்த வகை ஜனநாயகம்? நார்ட்ஹாஸ் பண்ணது நேர்மையான வேலை. சந்தையில முதலீட்டுக்கு என்ன வருமானம் கிடைக்குதோ அதுக்குப் பொருந்துற மாதிரி எண்களை வச்சார். ஸ்டெர்ன் பண்ணது உபதேசம்.

#3 தேன்மொழி

சித்தன், நீங்கள் சொல்வது ஒருவர் தன் ஆயுளுக்குள் தன்னோடு தானே செய்துகொள்ளும் பேரம். என் அறுபது வயதை ஏமாற்றி என் முப்பது வயது அனுபவித்தால் நஷ்டம் எனக்கு, முடிவும் என்னுடையது. தலைமுறைகளுக்கு இடையில் அப்படி இல்லை. பொறுமை இழப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்.

இது புதிய சண்டையும் அல்ல. தத்துவவாதி ஹென்றி சிட்ஜ்விக் 1874-இலேயே, ஒருவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார் என்பது அவருடைய மகிழ்ச்சியின் மதிப்பைப் பாதிக்க முடியாது என்று வாதிட்டார். பொருளியலாளர் பிகூ 1920-இல் எழுதிய நலப் பொருளியல் நூலில், தொலைவில் இருப்பதைச் சிறிதாகப் பார்ப்பது நம் பார்வையின் கோளாறு என்றார். 1928-இல் ஃபிராங்க் ராம்சே, அப்போது வயது 25, சேமிப்பைப் பற்றிய தன் கட்டுரையில் பிற்கால இன்பத்தைத் தள்ளுபடி செய்வது நெறிப்படி ஏற்க முடியாதது, அது கற்பனை வறட்சியிலிருந்து பிறக்கிறது என்று எழுதினார். பொருளியலாளர் ஹாராட் 1948-இல் இன்னும் காரமாக, இது பேராசைக்கு வைத்த நாகரிகப் பெயர் என்றார். இவர்கள் யாரும் சந்தை தெரியாத சாமியார்கள் அல்ல.

கணக்கைப் போட்டே பாருங்கள். பிறந்த தேதிக்காக மட்டும் ஆண்டுக்கு 1% குறைத்தால், 500 ஆண்டு கழித்து வாழும் 145 பேர் சேர்ந்தால்தான் இன்றைய ஒருவருக்கு ஈடு. 5% என்றால் 200 ஆண்டிலேயே பதினேழாயிரம் பேர் வேண்டும். இதை "மக்களின் விருப்பம்" என்கிறீர்கள். எந்த மக்கள்? அந்தப் பதினேழாயிரம் பேருக்குச் சந்தையில் பணப்பையும் இல்லை, தேர்தலில் ஓட்டும் இல்லை.

#4 வாத்தியார்1955

இருவரும் சண்டையைச் சற்றே தவறான இடத்தில் நடத்துகிறீர்கள். கரும்பலகை இல்லாததால் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

ராம்சே வழி வந்த சூத்திரம்: தள்ளுபடி விகிதம் = டெல்டா + (ஈட்டா × நுகர்வு வளர்ச்சி). டெல்டா என்பது தேன்மொழி அம்மா திட்டுகிற தூய காலத் தள்ளுபடி. ஈட்டா என்பது, வருமானம் கூடக் கூட அடுத்த ஒரு ரூபாயின் பயன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதன் அளவு. ஈட்டா 1 என்றால், இருமடங்கு வசதி உள்ளவருக்கு அதே ஒரு ரூபாய் பாதிப் பயன்தான் தரும். ஈட்டா 2 என்றால் கால்வாசி.

ஸ்டெர்ன்: 0.1 + (1 × 1.3) = 1.4. நார்ட்ஹாஸ், அந்தக் கால மாதிரியில்: 1.5 + (2 × 2) = 5.5. இடைவெளி 4.1 புள்ளி. அதில் டெல்டாவால் வருவது 1.4 மட்டும். மீதி 2.7 புள்ளியும் ஈட்டாவும் வளர்ச்சிக் கணிப்பும் சேர்ந்து செய்த வேலை. எல்லோரும் டெல்டாவைப் பிடித்துக்கொண்டு ராம்சேயையும் ஹாராடையும் மேற்கோள் காட்டுகிறார்கள், பெரிய பங்கு கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது.

அந்த 0.1-உம் பொறுமையின்மைக்கு அல்ல. மனித இனமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக ஸ்டெர்ன் வைத்தது. அதன்படி இன்னும் நூறு ஆண்டு நாம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 90%. எனக்கு அது கொஞ்சம் அவநம்பிக்கையாகவே படுகிறது, அது வேறு கதை.

ஸ்டெர்ன் பக்கமும் ஓட்டை உண்டு. பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா காட்டினார்: டெல்டாவைப் பூஜ்யத்துக்கு அருகிலும் ஈட்டாவை 1 என்றும் வைத்து ஓர் எளிய மாதிரியில் ஓட்டினால், இன்றைய தலைமுறை தன் உற்பத்தியில் 97.5% சேமிக்க வேண்டும் என்று விடை வருகிறது. பட்டினி கிடந்து பேரப்பிள்ளைகளுக்குக் கோட்டை கட்டச் சொல்லும் கணக்கு அது. தாஸ்குப்தா டெல்டாவைக் குறை சொல்லவில்லை. ஈட்டா போதாது என்றார்.

#5 சந்தைச்சித்தன்

வாத்தியாரே, இதைத்தான் நானும் கேக்க வந்தேன். அவங்க நம்மள விடப் பணக்காரங்களா இருக்கப் போறாங்க. ஏழை வயித்தைக் கட்டி பணக்காரனுக்குச் சேர்த்து வைக்கிறது எந்த ஊரு நியாயம்? ஈட்டாவை 2, 3-னு வைங்க. சமத்துவம் பேசுறவங்களுக்கே அதுதானே பிடிக்கணும்?

#6 எதிர்வாதி

பிடிக்கும். ஆனால் முழுசாகப் பிடிக்க வேண்டும்.

ஈட்டா 2 என்றால், என் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளவர் கையில் இன்று ஒரு ரூபாய்க்கு என் கையில் உள்ளதைப் போல 100 மடங்கு மதிப்பு. நாளைய பணக்காரருக்கு எதிராக இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள், இன்றைய ஏழை நாடுகள் பக்கம் திரும்பினால் அதே எண் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டுமா இல்லையா? பணக்கார நாடுகளின் வருமானத்தில் பெரும்பங்கை இன்றே மாற்றிக் கொடு என்று சொல்லும்.

பல பிராந்தியங்களை வைத்து ஓடும் பருவநிலை மாதிரிகளில் இது நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு. நெகிஷி எடைகள் என்பார்கள். பணக்காரப் பிராந்தியத்தின் நலனுக்குக் கூடுதல் எடை, ஏழைப் பிராந்தியத்துக்குக் குறைந்த எடை. இன்றைய பங்கீடு அப்படியே உறைந்து நிற்கும்படி எடைகளைச் சரிசெய்து விடுவார்கள். நார்ட்ஹாஸின் பிராந்திய மாதிரியிலும் இது உண்டு. காலத்தின் குறுக்கே சமத்துவவாதி, எல்லையின் குறுக்கே கஞ்சன். ஒரே ஈட்டாவுக்கு இரண்டு முகம்.

#7 முதலாமாண்டு

அக்கா, ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். டெல்டாவைப் பூஜ்யம்னு வச்சுட்டா குறைஞ்சது அந்த ஒரு கேள்வியாவது முடிஞ்சிடும் இல்லையா? எல்லாத் தலைமுறையும் சமம். பரீட்சையில அப்படித்தான் எழுதினேன். மார்க் குறைச்சுட்டாங்க.

#8 வாத்தியார்1955

தம்பி, குறைத்தவர் எதற்காகக் குறைத்தார் என்று ஊகிக்கிறேன். தலைமுறைகளின் வரிசைக்கு முடிவில்லை என்று எடுத்துக்கொண்டால் "எல்லோரும் சமம்" என்பது கேட்க எளிது, எழுத முடியாது.

உன்னிடம் இரண்டே கோரிக்கைகள். ஒன்று: மற்றவர்கள் எல்லோரும் இருந்தபடியே இருக்க, ஒரு தலைமுறை மட்டும் மேம்பட்டால் மொத்த மதிப்பெண் கூட வேண்டும். இரண்டு: ஏதாவது இரு தலைமுறைகளின் நலன் அளவை இடம் மாற்றிப் போட்டால் மதிப்பெண் மாறக் கூடாது. முதலாவது பரேட்டோ, இரண்டாவது பாரபட்சமின்மை. இரண்டையும் யாராவது மறுப்பார்களா? 2003-இல் கௌசிக் பாசுவும் தபன் மித்ராவும் நிறுவியது: இவை இரண்டையும் நிறைவு செய்து, முடிவிலா நலன் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிற எந்தக் கணிதச் சார்பும் (சூத்திரமும்) கிடையாது. அதற்கு முன்பே பொருளியலாளர் கூப்மன்ஸ் 1960-இல், பார்க்க நியாயமாகத் தெரியும் சில நிபந்தனைகளை வைத்தாலே பொறுமையின்மை தானாக உள்ளே வந்துவிடும் என்று காட்டியிருந்தார். பீட்டர் டயமண்ட் 1965-இல் அதை முடிச்சுப்போட்டு இறுக்கினார்.

எண் வேண்டாம், மேலா கீழா என்று வரிசைப்படுத்தினால் போதும் என்றால்? அப்படி ஒரு வரிசை இருக்கிறது என்று ஸ்வென்சன் 1980-இல் நிறுவினார். ஆனால் அதைக் கையில் எடுத்து எழுதிக் காட்ட முடியாது என்பது 2007 முதல் வந்த நிறுவல்களில் தெரிந்தது. இருக்கிறது, ஆனால் காட்ட முடியாது. கணித வகுப்பில் இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு அன்று தூக்கம் வராது.

#9 எதிர்வாதி

மனித இனம் முடிவிலி அல்லவே வாத்தியாரே. சூரியனுக்கே ஆயுள் உண்டு.

#10 வாத்தியார்1955

உண்மை. முடிவு உண்டு, எப்போது என்று தெரியாது என்று எடுத்துக்கொண்டால் கணிதச் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஸ்டெர்னின் 0.1 செய்வது அதைத்தான். ஆனால் இதன் நடைமுறை முகம் அப்படியே இருக்கிறது. வரிசை மிக நீளம் என்றால், பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அணுவளவு லாபத்தைக் கூட்டினாலே, முன்னால் நிற்கும் ஒருவரைக் கசக்கிப் பிழிவது சரி என்று கணக்கு சொல்லும். ராம்சே வழியில் நேர்மையாகப் போனால் வந்து நிற்கும் இடம் அது. பொருளியலாளர் கென்னத் ஆரோ பிற்காலத்தில் இதை வைத்துத்தான், தன் தலைமுறைக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுக்க ஒருவருக்கு நெறிப்படியே உரிமை உண்டு என்று வாதிட்டார். மேடையில் சொல்ல அழகாக இருக்காது. ஆனால் யாரும் புனிதராக வாழக் கடமைப்பட்டவர் இல்லை என்ற எளிய உண்மை அதில் இருக்கிறது.

#11 தேன்மொழி

அதற்குத் தள்ளுபடி தேவையில்லையே ஐயா. "இவ்வளவுக்கு மேல் என்னிடம் கேட்க முடியாது" என்று தியாகத்துக்கு ஓர் எல்லை வையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக "உன் துன்பம் என் துன்பத்தைவிடச் சிறியது" என்று சொல்வது வேறு. முதலாவது என்னைப் பற்றிய வாக்கியம், இரண்டாவது அவர்களைப் பற்றிய பொய். தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் நியாயமான சேமிப்புக் கோட்பாடு என்று பேசியது முதல் வகை. நேர்மையான நிறுவனங்களைக் கட்டி நிலைநிறுத்தும் வரைதான் சேமிப்புக் கடமை. அதன் பிறகு குவித்துக்கொண்டே போக வேண்டியதில்லை.

#12 சந்தைச்சித்தன்

சரி, தத்துவம் போதும். நலப் பொருளியல்னு தலைப்பு வச்சிருக்கீங்க. அதோட அடிப்படையே ஒருத்தரோட நலனையும் இன்னொருத்தரோட நலனையும் ஒப்பிட முடியாதுங்கறதுதானே? பொருளியலாளர் ராபின்ஸ் 1932-லேயே சொல்லிட்டாரு, அது அறிவியல் இல்லைன்னு. பக்கத்துல நிக்கிறவனோட பல்வலியையே அளக்க முடியாது, 300 வருஷம் கழிச்சு வரப்போறவனோட பல்வலியை அளக்கப் போறீங்களா? அதனாலதான் பரேட்டோ. யாருக்கும் நஷ்டமில்லாம ஒருத்தருக்கு லாபம்னா செய். இல்லைன்னா வாயை மூடிக்கோ.

#13 நிழல்கணக்கு

சித்தன், இதற்காகத்தான் இழையே தொடங்கினேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ராபின்ஸுக்குப் பிறகு பொருளியலாளர்களுக்கு ஒரு தர்மசங்கடம். ஒப்பிடக் கூடாது, பரேட்டோ மட்டும்தான் என்றால் எந்தக் கொள்கையையும் பரிந்துரைக்க முடியாது. எதைச் செய்தாலும் எங்கோ யாருக்கோ நஷ்டம் வரும். பரேட்டோ உகப்பு நிலையில், அதாவது ஒருவருக்கு நஷ்டமில்லாமல் இன்னொருவரை மேம்படுத்த முடியாத நிலையில், இருந்துகொண்டே ஒரு சமூகம் அருவருக்கத்தக்கதாக இருக்கலாம் என்று அமர்த்தியா சென் 1970-இல் சொன்னது தெரிந்ததே. 1939-இல் கால்டோர், ஹிக்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லாபம் பெறுபவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும் என்றால் போதும், திட்டம் நல்லது. உண்மையிலேயே கொடுக்க வேண்டும் என்பதில்லை. கொடுக்க முடிந்தால் போதும். செலவு-பலன் ஆய்வு என்ற கட்டடம் முழுக்க இந்த "முடிந்தால் போதும்" மேல்தான் நிற்கிறது.

ஒரே காலத்தில் வாழ்பவர்களுக்கு இடையில் இதற்கு ஒரு சமாதானம் உண்டு. இந்தத் திட்டத்தில் நஷ்டப்பட்டவர் அடுத்த திட்டத்தில் லாபம் பெறுவார், வரி இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஏதோ ஒரு வகையில் சரிக்கட்டலாம்.

இப்போது என் 100 கோடி சேதத்துக்கு வாருங்கள். 5.5% தள்ளுபடிக்குச் சொல்லப்படும் மிக வலுவான வாதம் பொறுமையின்மை அல்ல, மாற்றுச் செலவு. தடுப்புக்கு ஒரு கோடி எதற்கு? 47 லட்சத்தை 5.5%-இல் முதலீடு செய், நூறு ஆண்டில் 100 கோடி ஆகிவிடும், சேதப்பட்டவர்களிடம் கொடு. அவர்களுக்கும் திருப்தி, நமக்கும் 53 லட்சம் மிச்சம். கணக்கில் பிசகே இல்லை.

அந்த 47 லட்சத்தை யார் போட்டார்கள்?

அறிக்கையில் அப்படி ஒரு கணக்கு எண் இருக்காது. தடுப்பு வேண்டாம் என்ற முடிவு மட்டும் நிறைவேறும், முதலீடு நிறைவேறாது. மிச்சம் பிடித்த ஒரு கோடியும் இந்தத் தலைமுறையின் நுகர்வில் கரைந்து போகும். நூறு ஆண்டு கழித்து வருபவரிடம் சேதம் வந்து சேரும், பணம் வராது. கால்டோர்-ஹிக்ஸின் "முடிந்தால் போதும்" தலைமுறைகளுக்கு நடுவில் வெறும் வாய்ச்சொல். வழக்குப் போட அவர் இன்னும் பிறக்கவில்லை, அவர் பிறக்கும்போது நாம் இருக்க மாட்டோம்.

உண்மையில் போட்டவர்களும் உண்டு. நார்வே 1990-இல் எண்ணெய் வருவாய்க்கு நிதி அமைக்கச் சட்டம் இயற்றியது, 1996-இல் முதல் தொகை உள்ளே போனது. 2001-இல் ஒரு விதி: நீண்டகால நோக்கில், நிதியிலிருந்து எதிர்பார்க்கும் உண்மை வருமான (விலைவாசி உயர்வு போக மிஞ்சும் வருமான) அளவுக்குத்தான் செலவு, மூலதனத்தைத் தொடுவதில்லை. அன்று அதை 4% என்று கணித்தார்கள், 2017-இல் 3% ஆகக் குறைத்துக்கொண்டார்கள். மறுபக்கம் பசிபிக் தீவு நாடான நவ்ரு. பாஸ்பேட்டைத் தோண்டித் தோண்டித் தீவின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் பயிர் விளையாத பாறைக் காடாக்கிவிட்டார்கள். விடுதலைக்கு முன் தோண்டியதில் பெரும்பங்கு பிறர் தேவைக்கு. 1968-க்குப் பிறகு வருமானம் நாட்டுக்கே வந்தது, அறக்கட்டளை நிதியும் இருந்தது. மோசமான முதலீடுகளிலும் கடனிலும் அது கரைந்து, 2000-களின் தொடக்கத்தில் அரசே திவாலாகும் நிலை.

மாற்றுச் செலவு வாதத்தைப் பயன்படுத்த ஒருவருக்கு உரிமை வேண்டும் என்றால், அவர் நார்வேக்காரராக இருக்க வேண்டும். நவ்ருவைப் போல நடந்துகொண்டு நார்வேயின் தள்ளுபடி விகிதத்தைப் போட முடியாது.

#14 சந்தைச்சித்தன்

இது நல்ல அடி. ஆனா அதே வாதத்தைத் திருப்பிப் போடலாமே? பின்னாடி வர்றவங்க நமக்கு ஈடு கொடுக்க வழி இருக்கு. கடன். இன்னிக்குத் தடுப்புக்குக் கடன் வாங்கி செலவு பண்ணுவோம், பத்திரத்தை அவங்க அடைக்கட்டும். நம்ம தலைமுறைக்கு ஒரு பைசா தியாகம் இல்ல, அவங்களுக்கும் சேதம் தப்பும். ரெண்டு பக்கமும் லாபம், அசல் பரேட்டோ.

#15 தேன்மொழி

ஜான் ப்ரூம் என்ற தத்துவவாதி இதை முன்வைத்திருக்கிறார், தியாகமில்லாத திறன் என்ற பொருளில். அவரே அதில் நியாயம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. கெடுத்தவருக்குக் கெடாமல் இருக்கக் கூலி, கூலி கொடுப்பவர் பாதிக்கப்பட்டவர். ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட மேல் என்பது அவர் நிலை. எனக்கும் ஏறக்குறைய அதேதான், கசப்போடு.

#16 எதிர்வாதி

எல்லோரும் "அவர்கள்", "அவர்கள்" என்கிறீர்கள். எந்த அவர்கள்?

தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் கேட்டது. கொள்கையை மாற்றினால் வேலை மாறும், இடம் மாறும், யார் யாரைச் சந்திப்பது மாறும், குழந்தைகள் பிறக்கும் நேரம் மாறும். இரண்டு மூன்று தலைமுறைக்குள் பிறக்கும் ஆட்களே முழுக்க வேறு. நாம் மோசமான கொள்கையைத் தேர்ந்தெடுத்தால் அதில் பிறந்து கஷ்டப்படுபவர், நல்ல கொள்கையில் பிறந்தே இருக்க மாட்டார். வாழத் தகுந்த வாழ்க்கை ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. அப்படியானால் நாம் யாருக்கு நஷ்டம் செய்தோம்? பரேட்டோவும் இழப்பீடும் ஒரே ஆளை இரு நிலைகளில் வைத்து ஒப்பிடுகிற கருவிகள். ஆளே மாறிவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. நிழல்கணக்கின் 47 லட்சத்தை யாருக்குக் கொடுப்பது?

#17 நிழல்கணக்கு

அந்த இடத்தில் யார் வந்து நிற்கிறாரோ அவருக்கு. ஓய்வூதிய நிதி தொடங்கும்போது, நாற்பது ஆண்டு கழித்து எந்த ஊழியர் ஓய்வு பெறுவார் என்று பெயர் தெரியாது. கடமை பெயருக்கு அல்ல, இருக்கைக்கு. பார்ஃபிட்டின் புதிர் பரேட்டோவை உடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பரேட்டோ உடைந்ததால் கடமை உடைந்தது என்று ஆகாது. பரேட்டோ மட்டும் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் அது பேரிடி.

ரால்ஸும் கடைசியில் இந்தப் பக்கம்தான் வந்தார். முதலில் ஒவ்வொருவரும் தம் வாரிசுகள் மேல் அக்கறை உள்ளவர் என்ற ஊகத்தை வைத்துச் சேமிப்புக் கடமையை நிறுவப் பார்த்தார். பிறகு அதை மாற்றி, முன்னால் வாழ்ந்தவர்கள் எந்த விதியைக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்று விரும்புவாயோ அதையே நீயும் கடைப்பிடி என்று ஆக்கினார். இதில் யார் பிறப்பார் என்ற கேள்வியே எழுவதில்லை.

#18 வாத்தியார்1955

எந்தப் பணத்தைப் போட்டால் ஈடாகும் என்ற கேள்வியை விட்டுவிட்டீர்கள். பொருளியலாளர்கள் சோலோ 1974-இலும் ஹார்ட்விக் 1977-இலும் தந்த விடை: தீர்ந்துபோகும் வளத்திலிருந்து வரும் உபரி வருவாய் முழுவதையும் இயந்திரம், கட்டமைப்பு என்று மறுமுதலீடு செய்தால் நுகர்வு குறையாமல் தலைமுறை தலைமுறையாக ஓடும். ஆனால் இயந்திரம் இயற்கைக்கு மாற்றாக முடியும் என்ற ஊகம் அதன் முதுகெலும்பு. எண்ணெய்க்குப் பதில் வேறு ஆற்றல் வரலாம். மகரந்தம் சேர்க்கும் பூச்சி இனத்துக்கு? பாஸ்பேட் போன நிலத்துக்கு?

ஹோல், ஸ்டெர்னர் (ஸ்டெர்ன் அல்ல, வேறொருவர்) என்ற பொருளியலாளர்கள் 2007-இல் ஒரு நுட்பமான விஷயம் சொன்னார்கள். பொருள்கள் பெருகி இயற்கை அருகிக்கொண்டே போனால், இயற்கையின் ஒப்பு விலை ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தைச் சேர்க்காமல் தள்ளுபடியை மட்டும் போடுவது பாதிக் கணக்கு. சில சூழல்களில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தள்ளுபடியே போடாத மாதிரி.

#19 முதலாமாண்டு

மூணாவது கேள்வி, அதாவது நிச்சயமின்மை பத்தி யாரும் பேசலையே. வைட்ஸ்மன்ங்கற பொருளியலாளரோட 1998 கட்டுரையைப் பார்த்துட்டுக் கால்குலேட்டர்ல போட்டேன். சரியான விகிதம் 1%-ஆ 7%-ஆ தெரியாது, பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு வச்சேன். சராசரி 4%. அதுல 100 வருஷம் கழிச்சு வர்ற 100 கோடி இன்னிக்கு 2 கோடிக்குக் கொஞ்சம் கீழ. ஆனா விகிதத்தைச் சராசரி பண்ணாம, ரெண்டு விகிதத்துலயும் இன்றைய மதிப்பைத் தனித்தனியாக் கண்டுபிடிச்சு அதைச் சராசரி பண்ணா 18.5 கோடி வருது! அதுக்கு ஈடான விகிதம் 1.7%. 300 வருஷத்துக்குப் போட்டா 1.2% பக்கம் வருது. 7% பங்கு சீக்கிரமே செத்துப்போயிடுது, மிச்சம் இருக்கறது 1% மட்டும்.

#20 வாத்தியார்1955

சபாஷ் தம்பி. பிரிட்டிஷ் கருவூலத்தின் மதிப்பீட்டு வழிகாட்டியில் வழக்கமான விகிதம் 3.5%-இல் தொடங்கி, 30 ஆண்டைத் தாண்டியதும் 3%, அப்புறம் படிப்படியாக, 300 ஆண்டுக்கு மேல் 1% என்று இறங்குவதற்குப் பின்னால் இந்தச் சிந்தனைக்குப் பெரும் பங்கு உண்டு. யாரையும் நல்லவராக மாறச் சொல்லாமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாலேயே விகிதம் இறங்குகிறது.

#21 சந்தைச்சித்தன்

எல்லாம் சரி. கடைசியில அமைச்சர் மேசைக்கு ஒரு தாள்தான் போகும். "மூணு கேள்வி இருக்கு ஐயா"ன்னு சொன்னா கோப்பைத் தூக்கி ஓரமா வச்சிருவாரு. அந்தத் தாள்ல என்ன எண்ணைப் போடுவீங்க நிழல் அண்ணே?

#22 நிழல்கணக்கு

விகிதத்தைப் போட மாட்டேன். முடிவு புரளும் இடத்தைப் போடுவேன். தடுப்புக்கு 5 கோடி செலவாகும் என்றால், "100 ஆண்டு கழித்து வரும் 100 கோடிச் சேதத்துக்கு, தள்ளுபடி 3.04%-க்குக் கீழே இருந்தால் தடுப்பது சரி, மேலே இருந்தால் தடுக்காதது சரி" என்று ஒரே வரி. அடுத்த வரியில், மேலே வைக்க விரும்பினால் எந்தக் காரணத்துக்காக: பொறுமையின்மையா, வளர்ச்சி நம்பிக்கையா, மாற்று முதலீடா? முதலீடு என்றால் எந்த நிதியில், எந்தச் சட்டத்தின்படி, அதை உடைக்க யாருக்கு அதிகாரம்? கையெழுத்துப் போடுபவர் அந்தக் கட்டத்தை நிரப்பட்டும்.

#23 சந்தைச்சித்தன்

இது பரவாயில்ல, ஒத்துக்கலாம். ஆனா தடுக்கணும்னு முடிவு பண்றவருக்கும் ஒரு கட்டம் வைங்க. அந்த 5 கோடி யார் பாக்கெட்லருந்து வருது, அதுல ஏழை எவ்வளவு பேருன்னு. எதிர்வாதி சொன்ன ஈட்டா அங்கயும் பொருந்தும்.

#24 எதிர்வாதி

வழிமொழிகிறேன். இந்த இழையில் சித்தனோடு ஒத்துப்போவது இது முதல் தடவை.

#25 வாத்தியார்1955

ஒரு எச்சரிக்கை மட்டும். புரளும் விகிதம் எப்போதும் ஒன்றே ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் செலவு, நடுவில் பலன், கடைசியில் பெரிய மூடும் செலவு என்று வரும் திட்டங்களில் பணப்போக்கின் குறி இருமுறை மாறுகிறது, புரளும் இடமும் இரண்டு வரலாம். அணுமின் நிலையமும் சுரங்கமும் இந்த வகை. இரு விகிதங்களுக்கு நடுவில் திட்டம் லாபம், இரண்டு பக்கமும் நஷ்டம். தடுப்புத் திட்டங்களுக்கு உன் ஒரே வரி போதும் நிழல், ஆனால் கழிவைப் பின்னால் விட்டுச் செல்லும் திட்டங்களுக்கு முழு வளைகோட்டையும் வரைந்து தாளோடு இணைக்க வேண்டும். தம்பி முதலாமாண்டு, உனக்கு நேரம் இருந்தால் ஓர் உதாரணம் போட்டுப் பார்: இன்று 100 செலவு, அடுத்த ஆண்டு 230 வரவு, அதற்கடுத்த ஆண்டு 132 செலவு. 10%-உம் வரும், 20%-உம் வரும்.